விசில் இல்லாத காலை

கண்ணுகளா, கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் காக்கிச் சீருடைக்காக விடியும் முன்னே ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கோவை நேரு ஸ்டேடியத்தில் ஓடுகிறார்கள், ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்தில் ஓடுகிறார்கள், திருப்பூர் சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் ஓடுகிறார்கள். மைதானம் இல்லாத ஊரில் கீழ்பவானி வாய்க்கால் கரையே மைதானம். பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகும் முன்பு ஓடுகிற தம்பி உண்டு. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து ஓடுகிற அம்மிணி உண்டு. உங்களில் பலருக்கு அப்பா காட்டு வேலை பார்த்தவர், அம்மா மில்லில் நின்றவர். வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் உங்களுடையதாக இருக்கப் போகிறது.

பயிற்சி மைதானங்களில் கவாத்தும் பி.டி.யும் சொல்லிக்கொடுத்தே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. அதில் நான் கண்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உடம்பு உறுதியாக இருக்கும் காவலருக்குப் பொறுமை கடைசிவரை கூட வரும். உடம்பு தளர்ந்தவர் முதலில் இழப்பது பொறுமையை. அதனால் நீங்கள் காலையில் செய்யும் உடற்பயிற்சியின் பலன் உங்களோடு நிற்பதில்லை. நாளைக்கு மனுவோடு, அழுகையோடு, கோபத்தோடு உங்கள் முன்னால் வந்து நிற்கப்போகும் மனிதர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேர்வு யாரைத் தேடுகிறது

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலருக்கு வைக்கும் ஓட்டம் உங்களுக்கு மனப்பாடம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை. முடித்தால் உள்ளே, முடிக்காவிட்டால் வெளியே. அதைத் தாண்டியவர்களுக்குத்தான் நட்சத்திரப் போட்டிகள். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். மொத்தம் 100 மதிப்பெண்ணில் இதற்கு 24.

1998-இல் ரோம் நகரில் மொராக்கோ வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் இதே 1,500 மீட்டரை 3 நிமிடம் 26 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். நம் வாரியம் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் தருகிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அது ஓட்டப்பந்தய வீரரைத் தேடவில்லை. பிறவித் திறமை ஏதும் இல்லாத சாதாரணப் பிள்ளையும் நாலைந்து மாதம் தவறாமல் எழுந்து ஓடினால் அந்த நேரத்துக்குள் வந்துவிடலாம். எழாதவர் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஓட்டம் அளப்பது உங்கள் கடந்த நாலைந்து மாதத்தை.

கயிறும் அப்படியே. புஜத்தை நம்பித் தாவி ஏறுகிறவர் பாதியில் தொங்கிப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாதங்களுக்கு நடுவே கயிற்றைப் பூட்டி, காலால் உந்தி, கையை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்கிறவர் ஒல்லியாக இருந்தாலும் உச்சியைத் தொடுவார். பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதைப் பயன்படுத்துவதைக் கயிறு கற்றுக்கொடுக்கும்.

பயிற்சிக்கு வரும் அம்மிணிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் முதன்முதலில் சேர்ந்தது 1973-இல். அன்றைக்கு ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என மொத்தமே 22 பேர். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று எந்தப் பந்தோபஸ்துக்கும் பெண் காவலர் இல்லாமல் ஆள் பிரிக்க முடியாது. முதலில் வந்த 22 பேருக்கு முன்னால் பார்த்துப் படிக்க ஆள் இல்லை. உங்களுக்கு ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. மைதானத்தில் யாராவது உங்கள் பலத்தைக் குறைத்துப் பேசினால் பதில் பேசி மூச்சை வீணாக்காதீர்கள். அடுத்த சுற்றை ஓடி முடியுங்கள்.

வலியைச் சொல்லத் தெரிய வேண்டும்

கோவையில் காவல் பயிற்சிக்குப் பழைய உறவு உண்டு. அவிநாசி சாலையில் பி.ஆர்.எஸ். என்று ஊரே சொல்லும் காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கோவைப்புதூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் நான்காம் அணி இருக்கிறது. துடியலூர்ப் பக்கம் குருடம்பாளையத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. எந்த வாசல் வழியாகப் போனாலும் முதல் மாதம் ஒன்றுதான். இருட்டிலேயே விசில், ஃபாலின், ஓட்டம், பி.டி., அப்புறம் கவாத்து, வகுப்பில் சட்டம், மறுபடி மாலையில் மைதானம். வீட்டில் ஆறு மணிக்கு மேல் எழுந்து பழகிய உடம்புக்கு எல்லாமே ஒரே நேரத்தில் வந்து விழுகிறது.

இங்கேதான் நிறையப் பிள்ளைகள் ஒரு தப்பான வீரத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வரும். “காலு கொஞ்சம் புடிச்சிருக்குதுங்கய்யா, பரவாயில்லீங்க” என்பார்கள். பக்கத்தில் நிற்பவர் சிரிப்பாரோ என்ற கூச்சம், மருத்துவ ஓய்வு கேட்டால் சோம்பேறி என்பார்களோ என்ற பயம். 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட் இதே மாதிரி ஒரு நோயைப் பாதத்தில் கண்டு எழுதிவைத்தார். நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி, நடக்க முடியாமல் போனது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அதில் பலவும் பாத எலும்பில் விழுந்த மெல்லிய முறிவு என்று தெரிந்தது. அடிபடாமல், விழாமல், வெறும் நடையால் வந்த முறிவு.

காரணம் இதுதான். எலும்பின் மேல் புதிய பாரம் விழும்போது உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிக்கப் பல வாரம் வேண்டும். தசையோ சீக்கிரம் பலம் பெற்றுவிடும், மூச்சு இன்னும் சீக்கிரம் பழகிவிடும். இரண்டும் தயார் என்று நினைத்து நீங்கள் வேகத்தைக் கூட்டும்போது எலும்பு இன்னும் வேலை முடிக்காமல் இருக்கும். பயிரின் வயதைப் பார்த்து முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர்கள் நீங்கள். நாற்றங்காலுக்கு மொத்த வாய்க்காலையும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்புக்கும் முறை வையுங்கள். பயிற்சிக்கு வரும் முன்பே, தேர்வு முடிந்து உத்தரவு வரும்வரையுள்ள மாதங்களில் ஓட்டத்தை விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தால் முதல் மாதம் உங்களை உடைக்காது.

ஓடியதும் தொடை, கெண்டைக்கால் முழுவதும் கடுகடுக்கிற வலி பழக்கத்தால் போய்விடும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீர் என்கிற வலி, படுத்த பிறகும் விடாத வலி, நாளுக்கு நாள் கூடுகிற வலி, இவை வேறு. அன்றைக்கே போதகரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் தீரக்கூடியதை மறைத்து மறைத்து நாலு மாதப் படுக்கையாக்கியவர்கள் உண்டு. அதே மாதிரி வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் குளிர வைத்திருக்கும் என்று நம்பிப் பங்குனி சித்திரையில் தண்ணீர் குடிக்காமல் கவாத்துக்கு நிற்காதீர்கள். தலை கிறுகிறுத்து, பேச்சு குழறி, பக்கத்தில் இருப்பவர் பேர் மறந்துபோனால் அது சாதாரண மயக்கம் இல்லை. அவரை நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். உங்கள் ஸ்குவாடில் ஒருவருக்கு அப்படி ஆனால் நிமிடங்களில் உயிர் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுச் சமையலறையே போதும். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, கம்மங்கூழ், ராகிக் களி, நிலக்கடலை, முட்டை, முருங்கைக் கீரை. ரத்தச் சோகை இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் மூச்சு கூடாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு முன்பே ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் சரிசெய்துகொண்டு வாருங்கள். ஜிம்மில் யாரோ தரும் ஊசிக்கும் மாத்திரைக்கும் கையை நீட்டாதீர்கள். ஆறு மாதத்தில் புஜம் காட்டும் மருந்து இருதயத்திலும் ஈரலிலும் தன் விலையை வசூலித்துக்கொள்ளும்.

நிற்பதும் பயிற்சிதான்

பயிற்சிக் காலத்தில் எல்லோரும் ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பணிக்குப் போன பிறகு நீங்கள் ஓடும் நேரம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம். கோனியம்மன் தேர் வரும் நாளில் ராஜவீதியில், தைப்பூசத்துக்கு மருதமலை அடிவாரத்தில், விநாயகர் ஊர்வலத்தில், தலைவர்கள் வரும் அவிநாசி சாலையில் காலையில் நின்றால் எப்போது மாற்று ஆள் வருவார் என்று தெரியாது.

அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் அது மேலே ஏறும். முழங்காலைப் பூட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும் பிள்ளைகள் பரேடில் திடீரென்று சாய்வது இதனால்தான். பார்ப்பவருக்குத் தெரியாமல் காலணிக்குள் விரல்களை மடக்கி விரிக்கவும், குதிகாலை மயிரிழை தூக்கி இறக்கவும், முழங்காலைச் சற்றே தளர்வாக வைக்கவும் பழகுங்கள். குந்தி எழும் பயிற்சியையும் குதிகால் தூக்கும் பயிற்சியையும் தினமும் செய்தால் கால் நரம்பு முடிச்சும் இடுப்பு வலியும் உங்களை எளிதில் நெருங்காது. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உறுதியாக இருந்தால்தான் பெல்ட்டின் பாரத்தோடு ஒரு நாள் முழுக்க நிமிர்ந்து நிற்க முடியும்.

எட்டு மணி நேரம் நின்ற பிறகு ஒரு பாட்டி வந்து, “சாமி, காந்திபுரம் பஸ்ஸு எங்க நிக்குமுங்க?” என்று கேட்பார். அதையே அன்றைக்கு உங்களிடம் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். அந்தப் பாட்டிக்குக் கிடைக்கும் பதிலில்தான் உங்கள் பயிற்சியின் தரம் தெரியும்.

பிடித்த பிறகு வரும் நிமிடம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சங்கிலி பறித்தவனைத் துரத்திக்கொண்டு சந்துகளில் ஓடுகிறீர்கள். பிடித்துவிட்டீர்கள். உங்கள் பணியில் ஆபத்தான நேரம் துரத்திய நேரம் இல்லை, பிடித்த பிறகு வரும் முதல் நிமிடம். நெஞ்சு படபடக்கிறது, காது அடைக்கிறது, கை நடுங்குகிறது, அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. கூட்டம் கூடிவிட்டது, கையில் லத்தி இருக்கிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் நெஞ்சுத் துடிப்பு பாதி தீர்மானிக்கிறது. தினமும் ஓடிப் பழகிய இதயம் ஓட்டம் நின்றதும் சீக்கிரம் அடங்கும். மூச்சு சீராகும், பார்வை விரியும், சட்டம் ஞாபகத்துக்கு வரும். பழகாத உடம்போ பயத்திலேயே நிற்கும். பயந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே பாஷை அடி. மல்லுக்கட்டி ஒருவரை வலிக்காமல் மடக்கிப் பிடிக்கும் திறமையும் பலமும் இருப்பவருக்கு லத்தி கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

ஆத்திரம் மூண்ட நேரத்தில் கையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று கோவைக்காரர்களுக்குப் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 1997 நவம்பரில் உக்கடத்தில் பணியில் இருந்த ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரம் பல உயிர்களைப் பலிகொண்டது. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தார்கள். இந்த ஊர் அந்தக் காயத்திலிருந்து மீண்டுவர வருடக்கணக்கானது. ஊர் அப்படி எரியும்போது காவலருக்கு வீடு இல்லை, தூக்கம் இல்லை, நேரத்துக்குச் சோறு இல்லை. கூட வேலை பார்த்தவரை இழந்த துக்கமும் நெஞ்சில் இருக்கும். இரண்டு ராத்திரி தூங்காதவருக்கு ஒவ்வொரு சத்தமும் கல்லெறிச் சத்தமாகக் கேட்கும், ஒவ்வொரு முகமும் எதிரி முகமாகத் தெரியும். அந்த நிலையிலும் மதம் பார்க்காமல், தெரு பார்க்காமல், கையைக் கட்டுக்குள் வைத்திருக்கத்தான் உங்களை இப்போதிலிருந்தே தயார் செய்கிறோம்.

பலம் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடிப் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமை சீருடை அணிந்த ஒவ்வொருவரையும் தலைகுனிய வைத்தது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். 2011-இல் நீதிமன்றம் மிச்சமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவர்களில் பலரும் ஒரு காலத்தில் மைதானத்தில் ஓடி, தாண்டி, உறுதிமொழி எடுத்துப் பணிக்கு வந்தவர்கள்தான். உடம்பை மட்டும் வளர்த்து அதைக் கட்டியாளும் மனதை வளர்க்காவிட்டால் அந்த உடம்பு ஊருக்கு ஆபத்து. இதை நான் எந்த ஸ்குவாடுக்கும் சொல்லாமல் விட்டதில்லை, உங்களுக்கும் சொல்கிறேன்.

காடு கற்றுக்கொடுத்தது

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் பஸ்ஸில் போயிருப்பீர்கள். அந்த மலைக்காடுகளில்தான் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிச் சிறப்பு அதிரடிப்படை பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி மேட்டூருக்கு அப்பால் பாலாற்றுப் பக்கம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். உடல் உறுதிக்காகவே ‘ராம்போ’ என்று துறையில் பேர் வாங்கிய காவல் கண்காணிப்பாளர் கோபாலகிருஷ்ணன் படுகாயங்களோடு உயிர் தப்பினார். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒரு நொடி போதும், உடம்பு சிதைந்துவிடும் என்பதை அன்றைக்கு எல்லோரும் பார்த்தோம். அதனால் பலத்தைப் பற்றிக் கர்வம் வேண்டாம்.

காட்டுக்குள் போனவர்களிடம் கேட்டால் புஜ பலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதுகில் மூட்டையோடு நாள் முழுக்க நடப்பது, கிடைத்த தண்ணீரை நாலு பேர் பங்கிடுவது, ஒரு புதர் ஓரத்தில் இருமல் கூட வராமல் ராத்திரி முழுக்கக் கிடப்பது, மறுநாள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து அதற்கடுத்த நாளும் போவது, இதைத்தான் சொல்வார்கள். கடைசியில் 2004 அக்டோபர் 18-ஆம் தேதி அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமார் தலைமையில் அந்த வேட்டை முடிந்தது காட்டுக்குள் நடந்த துரத்தலில் இல்லை. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு சாலையில், கண் சிகிச்சைக்கு அழைத்துப்போவதாக நம்ப வைத்து ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் வண்டியில் முடிந்தது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள், துப்பு சேர்த்தவர்கள், அவசரப்படாதவர்கள் முடித்த காரியம் அது. நீண்ட காலம் தாங்குவதற்குத்தான் உடம்பு. உங்கள் பயிற்சியில் வேகத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையை நீண்ட நடைக்கும் கொடுங்கள்.

விசில் நின்ற பிறகு

பாஸிங் அவுட் பரேடு அன்றைக்கு அப்பா அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். பெல்ட் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். உங்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளிலேயே உடம்பு அதிக உறுதியோடு இருக்கும் நாள் அதுதான். மறுநாளிலிருந்து உங்களை எழுப்ப விசில் கிடையாது. ஓடவில்லை என்றால் கேட்க ஆள் கிடையாது. ராத்திரி ரோந்து முடிந்து விடியும்போது பேக்கரி டீயும் பன்னும், நள்ளிரவில் பரோட்டா, நாள் முழுக்க ஜீப்பில் அல்லது நாற்காலியில். அஞ்சு வருடத்தில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போடுவார்கள். பத்து வருடத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம். பென்ஷன் வாங்க வேண்டிய வயதுக்கு முன்பே மாரடைப்பில் போன சகாக்களின் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தேன்.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களையும் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களையும் ஒப்பிட்டார். ஒரே கம்பெனி, ஒரே வண்டி. ஆனால் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகம். அடுத்து அவர் குழு பார்த்தது என்ன தெரியுமா? அவர்களின் சீருடை அளவுகளை. டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. 1956-இல் அதையும் எழுதினார்கள். பீட்டில் நடக்கும் காவலருக்கும் ஜீப்பில் உட்காரும் காவலருக்கும் இடையே இதே வித்தியாசம்தான். வருடத்துக்கு ஒரு தடவை தைக்கக் கொடுக்கும்போது டெய்லர் சொல்லும் இடுப்பளவைக் குறித்து வையுங்கள். மாரிஸும் தான் கண்டதை நம்பிக் கடைசிவரை உடற்பயிற்சி செய்தவர், 99 வயது வரை இருந்தார்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மூச்சு கொஞ்சம் வாங்கும் நடை அல்லது சைக்கிள், அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. ரேஸ்கோர்ஸில் ஒரு நடை, வீட்டு மொட்டை மாடியில் தண்டால், பஸ்கி, இதற்குக் காசு வேண்டாம். இரவுப் பணி முடிந்த காலையில் மட்டும் ஓடாதீர்கள். ஜன்னலை மூடி இருட்டாக்கித் தூங்குங்கள், எழுந்த பிறகு மாலையில் நடங்கள். தூக்கத்தைத் திருடி உடற்பயிற்சி செய்தால் இரண்டும் கெடும்.

நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் சைலேந்திர பாபுவைக் காட்டுவேன். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 2010-இல் செம்மொழி மாநாடு நடந்தபோது இந்த நகரத்தின் காவல் ஆணையர். 2021-இல் மாநிலக் காவல்துறைக்கே தலைவரான பிறகும் விடிகாலையில் அவர் சைக்கிள் சாலையில் இருந்தது. அவ்வளவு பொறுப்பிலும் அவருக்கு நேரம் கிடைத்தது என்றால் அது தானாகக் கிடைக்கவில்லை, தினமும் எடுத்துக்கொண்டது.

உடம்பைப் போல மனதையும் கவனியுங்கள். விபத்தில் சிதைந்த உடலை எடுத்துப்போடுவீர்கள், குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை வாக்குமூலமாக எழுதுவீர்கள். அதை வீட்டில் சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் துணையோடு துறையே நிறைவாழ்வுப் பயிற்சி என்று காவலர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நடத்தியது. அப்படி ஒரு பயிற்சி உங்களுக்குக் கிடைத்தால் கூச்சம் இல்லாமல் போங்கள். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், குடியில் போய் நிற்க வேண்டும்போலத் தோன்றினால் கால் எலும்பு வலிக்கு மருத்துவரைப் பார்த்ததுபோலவே இதற்கும் பாருங்கள்.

உங்களுக்குக் கீழே ஆள் வரும்போது

இன்றைக்கு நீங்கள் வரிசையில் கடைசி. பதினைந்து இருபது வருடம் கழித்து உங்களில் பலர் ஏட்டாகவும் எஸ்.ஐ.யாகவும் ஆகியிருப்பீர்கள். சிலர் தேர்வெழுதி அதற்கு மேலும் போயிருப்பீர்கள். டியூட்டி போடும் பேனா உங்கள் கையில் இருக்கும். 2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு உண்டு என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் பலர் பண்டிகைக்கும் வீட்டுக்குப் போகாமல் ஓய்வுபெற்றவர்கள். உத்தரவு காகிதத்தில் இருந்தாலும் அது ஒரு காவலரின் வீடுவரை போய்ச் சேர்வது அவருக்கு மேலே இருப்பவர் மனதைப் பொறுத்தது.

அந்தப் பேனாவை எடுக்கும்போது, நேற்று ராத்திரி பாரா நின்ற பிள்ளையை இன்று காலை பந்தோபஸ்துக்குப் போடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் காவலரை வெயிலில் நிறுத்தாதீர்கள். பிரசவம் முடிந்து வருகிறவரை முதல் நாளே ஓடச் சொல்லாதீர்கள். வாரம் ஒரு நாள் உங்கள் நிலையத்து ஆட்களோடு நீங்களும் டி-ஷர்ட் போட்டு மைதானத்தில் இறங்குங்கள். அதிகாரி ஓடினால் ஸ்டேஷன் ஓடும். வருடம் ஒரு தடவை எல்லோருடைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உங்களுடையதை முதலில் பாருங்கள்.

கண்ணுகளா, ஒரு காவல் நிலையத்துக்குள் நுழையும் ஏழை முதலில் பார்ப்பது அங்கே இருப்பவரின் முகத்தை. தூங்கி எழுந்து, உடம்பை அசைத்து, வேர்த்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த காவலர் “உட்காருங்க, என்ன பிரச்சினைங்க?” என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும் கயிறும் கவாத்தும். உங்கள் உடம்பை அந்த வார்த்தை சொல்லும் நிலையில் வைத்திருங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர்களையும் அந்த நிலையில் வைத்திருங்கள்.